கழற்றிப் பார்த்த கை

திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் நோக்கிப் புறப்பட்டோம். மாலை ஆறு மணிக்கு அங்கே பொதுக்கூட்டம். கையிலே நேரம் இருந்தது, உள்ளத்திலே உற்சாகம் இருந்தது, வண்டியிலேதான் வலு இல்லை! சென்னையிலிருந்தே முனகியபடி வந்த நமது பழைய வேன், ஊர் எல்லையைத் தாண்டியதும் முனகலை முழக்கமாக்கிற்று. முன்புறத்தில் ஆவி பறந்தது. ஓட்டுநர் தோழர் இறங்கினார், மூடியைத் தூக்கினார், உதட்டைப் பிதுக்கினார். தண்ணீர்ப் பம்பினுள்ளே இருக்கும் புஷ் தேய்ந்து, தண்டு ஆட்டம் கண்டு, தண்ணீர் முழுவதும் சாலையிலே ஒழுகிப் போய்விட்டதாம்.

வண்டியை மெல்லத் திருப்பி ஊருக்குள் கொண்டுவந்து, உதிரிப்பாகக் கடைக்கு ஓடினோம். அந்த மாதிரி வண்டி செய்வதையே நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, சென்னைக்குச் சொல்லி வைக்கலாம், நாளை மறுநாள் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். நாளை மறுநாள்! கூட்டமோ இன்று மாலை. பம்பு வருகிற வரையில் பொறுத்திருங்கள் என்று மைதானத்திலே கூடியிருக்கும் மக்களுக்குச் செய்தி அனுப்பவா முடியும்? நமது முகம் வாடியதைக் கண்ட கடைக்காரரே எதிர்ப்புறத்திலிருந்த ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்.

லேத்துப் பட்டறை. உள்ளே ஒரு பெரியவர், ஓர் இளைஞர், மூன்று லேத்துகள், ஓர் உலை. பெரியவர் தேய்ந்த புஷ்ஷைக் கையில் வாங்கினார். காலிப்பரால் அளக்கும் முன்னரே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். மூலையில் கிடந்த வெண்கலத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். முன்னதாக ஒப்புக்கொண்ட வேலை ஒன்று உலையிலே இருக்கிறது, அது முடிந்ததும் கடைந்து தருகிறேன் என்றார். உட்கார்ந்தோம். உட்கார்ந்ததால்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

உலையிலே இருந்த வேலை என்ன? செஞ்சிச் சாலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் உழவர் கொண்டுவந்திருந்த நீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சின். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அதுவரை கரும்பு காத்திருக்குமா? அப்பா காலத்து எஞ்சினையே ஓட்டியிருக்கிறார். எண்ணெய் வற்றியதைக் கவனிக்கவில்லை. பேரிங்கிலிருந்த வெள்ளை உலோகம் உருகி வழிந்துவிட்டது.

வெள்ளை உலோகம் என்பது வெள்ளீயத்தோடு செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்த கலவை. 1839-இல் ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் தந்தது. எஃகுத் தண்டு சுழலும் இடத்திலே எஃகையே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். மென்மையான உலோகத்தை மெத்தையாக வைத்தால் தண்டு சுகமாகச் சுழலும். எண்ணெய் தவறினால் மெத்தை உருகும், தண்டு தப்பும். எளியது அழிந்து அரியதைக் காக்கும் ஏற்பாடு! சமுதாயத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நாம் கொதித்தெழுவோம். எஞ்சினுக்கு அது பொருந்தும்.

பழைய உலோகத்தை உருக்கி எடுத்தார்கள். பித்தளைக் கூட்டை அரத்தால் சுரண்டி, அமிலம் தடவி, உட்புறமெங்கும் ஈயம் பூசினார்கள். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதைப் போலவேதான். நடுவிலே தண்டின் பருமனுக்குச் சற்றுக் குறைந்த இரும்பு உருளையை நிறுத்தினார்கள். அதன்மேல் விளக்குப் புகை பிடித்தார்கள். கரி படிந்தால் உலோகம் உருளையோடு ஒட்டாது. சந்துகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். பிறகு பெரியவர் ஒரு மரக்குச்சியை உருகிய உலோகத்தில் நுழைத்து எடுத்தார். குச்சி கருகிற்று, தீப்பற்றவில்லை. அதுதான் பதம்! கூட்டையும் சூடேற்றிவிட்டு, ஒரே மூச்சில், இடையிலே நிறுத்தாமல் ஊற்றினார். நிறுத்தி ஊற்றினால் அடுக்கடுக்காக உறைந்து, பின்னாளில் பிளந்துகொள்ளுமாம்.

அது ஆறிய பின் லேத்திலே ஏற்றிக் கடைந்தார்கள். கடைந்ததோடு முடிந்ததா? இல்லை. தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, பேரிங்கை அதன்மேல் பொருத்தித் திருப்பி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மேடுகளைச் சுரண்டியால் சீவவேண்டும். மறுபடி நீலம், மறுபடி திருப்பல், மறுபடி சீவல், பரப்பெங்கும் சீராக நீலம் படியும் வரையில். இந்தப் பணி இளைஞருடையது. வயது பத்தொன்பது இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லேத்துக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கேறித் தொங்கிய படம் கண்ணில் பட்டது. அரசியல் தலைவரா? அல்ல. திரைப்பட நடிகரா? அல்ல. ஜி.டி. நாயுடு! கோவையின் மனிதருக்குத் திண்டிவனத்துத் தகரக் கொட்டகையிலே என்ன வேலை? கேட்டோம். பெரியவரின் தந்தை, விழுப்புரம் சந்திப்பிலே நீராவி எஞ்சின் கொட்டகை இருந்த நாளில் அங்கே பிட்டராக இருந்தவர். வெள்ளை உலோகம் ஊற்றும் வித்தை அவர் கொடுத்த சொத்து. மகன் 1970களின் தொடக்கத்தில் கோவைப் பட்டறை ஒன்றில் மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்கிறார். திரும்பும்போது கொண்டுவந்தவை இரண்டு: ஒரு பெட்டி நிறையக் கருவிகள், இந்தப் படம். படிக்காதவன் படிப்பு எதுவென்று காட்டியவர் அவர் என்று சொல்லிவிட்டு, பெரியவர் நமது புஷ்ஷை லேத்திலே மாட்டினார்.

அந்தப் படத்துக்கு உரியவரின் வாழ்க்கையை இந்தத் தலைமுறைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

1893-ஆம் ஆண்டு மார்ச் 23. கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூர். கோபால்சாமி நாயுடு என்ற உழவரின் மகனாகத் துரைசாமி பிறந்தார். தாயைப் பறிகொடுத்தது மழலைப் பருவத்தில். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பையன் பாடத்தைக் கவனிக்கவில்லை. வாத்தியார் மீது மணலை வாரி இறைத்தான் என்பது ஊரறிந்த கதை. மூன்றாம் வகுப்போடு பள்ளி அவரை விட்டது, அவரும் பள்ளியை விட்டார். எவர் எவரை விட்டார் என்று வழக்காடிப் பயனில்லை.

வயலிலே வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞரின் ஊருக்கு ஒருநாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளிலே வந்து இறங்கினார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி, 1912-ஆம் ஆண்டு மாதிரி. மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, தானாக ஓடுகிறது! ஊரார் துரையைப் பார்த்தார்கள். துரைசாமி வண்டியைப் பார்த்தார். துரை போனார், ஊரார் கலைந்தார்கள், வண்டி மட்டும் அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். கையிலே காசில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை எச்சில் இலை விழும் இடத்தில் நிற்பதா என்று உறவினர் முணுமுணுத்திருப்பார்கள். அவர் காதுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. காசு காசாகச் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆனதும் அந்த அதிகாரியிடமே சென்று அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஏறி ஊரைச் சுற்றினாரா? உறவினர் வீட்டு வாசலில் நிறுத்திப் பெருமை பேசினாரா? கழற்றினார்! திருகு திருகாக, வளையம் வளையமாக, அக்கக்காகப் பிரித்துப் போட்டார். கற்றுக்கொடுக்க ஆசான் இல்லை, படித்துப் பார்க்க ஏடு இல்லை. இருந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும். பெட்ரோல் எங்கே காற்றோடு கலக்கிறது, பொறி எங்கே தெறிக்கிறது, வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதையெல்லாம் அந்த இரும்பையே கேட்டு அறிந்துகொண்டார். மறுபடி பூட்டினார். வண்டி ஓடிற்று.

இந்த இடத்திலே சற்று நிற்போம். கழற்றுவது எளிது என்று கருதுவோர் உண்டு. கழற்றுவதற்குத் துணிவு வேண்டும். பூட்டுவதற்கு அறிவு வேண்டும். பல ஆண்டுச் சேமிப்பைத் தரையிலே பரப்பி வைத்துவிட்டு, மறுபடி ஓடுமோ ஓடாதோ என்ற அச்சத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இளைஞனை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிவு நம் நாட்டிலே எளிதாக வராது. ஏன்? ஏட்டைத் தொட்ட கை உயர்ந்தது, எண்ணெயைத் தொட்ட கை தாழ்ந்தது என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆயுதத்துக்கு ஆண்டுக்கு ஒருநாள் பூசை; ஆயுதம் பிடித்தவனுக்கு ஆண்டு முழுவதும் ஏச்சு! கொல்லனும் தச்சனும் வார்ப்படக்காரனும் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் சேர்த்த அறிவுக்கு அறிவு என்ற பெயரையே கொடுக்க மறுத்த நாடு இது. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் தாமே விரும்பி எண்ணெயிலே கை வைத்தார் என்பதுதான் நமக்கு அந்த மோட்டார் சைக்கிளைவிடப் பெரிய செய்தி.

அதன்பின் மெக்கானிக் வேலை. முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரிலே பஞ்சு ஆலை வைத்துப் பணம் பார்த்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வாணிபத்தில் இறங்கி, பருத்தியைப் போலவே பறக்கவிட்டுத் திரும்பினார். சூதாட்டம் போன்ற அந்த வாணிபம் அவருக்கு வராது. இரும்பு பொய் சொல்லாது, சந்தை சொல்லும்.

1920-இல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. 13 ஆண்டுகளில், 1933-இல், அவரது யு.எம்.எஸ். நிறுவனத்திடம் 280 பஸ்கள் இருந்தன.

ஒன்று 280 ஆனது எப்படி? அதிர்ஷ்டம் என்பார் சிலர். நாம் சொல்லுவோம்: பட்டறை! அந்நாளில் பஸ் நடத்துவது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். சாலை கல்லும் புழுதியும். வண்டியும் அதன் ஒவ்வொரு பாகமும் கடல் கடந்து வரவேண்டும். கப்பல் வரும் வரையில் வண்டி நிற்கும்; வண்டி நின்றால் வருவாய் நிற்கும். தேய்ந்ததைத் தானே சரி செய்துகொள்ளத் தெரிந்தவன் பிழைத்தான், தெரியாதவன் வண்டியை விற்றான். 

பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடிச் சிலிண்டர் வட்டம் கெட்டு முட்டை வடிவாகும். மேற்பகுதியிலே வளையம் வந்து திரும்பும் இடத்திலேதான் தேய்மானம் அதிகம். அதைக் குடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். குடைந்து குடைந்து சுவர் மெலிந்துவிட்டால், உள்ளே வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுகச் செருகி, மறுபடி பழைய அளவுக்கே குடைவார்கள். கிராங்க் தண்டு தேய்ந்தால் அதைச் சாணையில் கடைந்து உருண்டையாக்கி, குறைந்த அளவுக்கு ஏற்றபடி பேரிங்கைத் தடிமனாக்குவார்கள். சிலிண்டர்க் கூடு வெடித்துவிட்டதா? வார்ப்பிரும்பைக் கண்டபடி சூடேற்றிப் பற்றவைத்தால் பக்கத்திலே இன்னொரு வெடிப்பு ஓடும். ஆகவே வெடிப்பின் இரு முனையிலும் துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுப்பார்கள். பின்னர் வெடிப்பு நெடுகிலும் துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றையொன்று கவ்வும்படி திருகுகளை வரிசையாக இறக்கித் தட்டி அடைப்பார்கள். துணிக்குத் தையல் போல இரும்புக்கும் தையல்! திண்டிவனம் பெரியவர் இன்றும் இதைச் செய்கிறார். அவர் தைத்துக் கொடுத்த டிராக்டர் எஞ்சின் ஒன்று மயிலம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது அவர் குரலில் சிறு செருக்கு எட்டிப் பார்த்தது. இருக்கட்டும், அந்தச் செருக்குக்கு அவருக்கு உரிமையுண்டு.

நாயுடு இந்த வித்தைகளோடு நின்றுவிடவில்லை. உடைந்த பிறகு ஒட்டுவதைவிட, உடையப் போவதை முன்கூட்டி அறிவது மேல் என்று எண்ணினார். எஞ்சினின் அதிர்வைச் சோதித்துக் கோளாறைக் காட்டும் கருவி ஒன்றை அமைத்தார். கொதித்துத் திணறும் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரைத் தம் பட்டறையிலேயே செய்யத் தொடங்கி, அதற்கென்றே தனித் தொழிற்சாலை வைத்தார். டிக்கெட் கொடுக்க ஒரு பொறி. பஸ் வரும் நேரம் புறப்படும் நேரம் காட்டக் கடிகாரம். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்க ஒரு நிலையம்.

இந்தக் கடைசி வரியை வாசகர்கள் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். எரிந்த மோட்டாரைப் பிரித்துக் கம்பி சுற்றிப் பழகிய கை ஒருநாள் என்ன கேட்கும்? முழு மோட்டாரையே நாம் ஏன் செய்யக்கூடாது என்றுதானே! 1937-இல் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்திலே, டி. பாலசுந்தரம் நாயுடுவின் கைவண்ணத்தோடு, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் வெளிவந்தது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெரு நிறுவனத்தைக் கட்டினார். அந்த ஊரிலிருந்து புறப்பட்ட மோட்டாரும் பம்பும் தமிழகத்துக் கிணறுகளில் எல்லாம் இறங்கின. ஏற்றம் இறைத்துத் தோள் தேய்ந்த மனிதனுக்கு விடுதலை தந்தவற்றில் அந்தப் பழுது பார்க்கும் பட்டறைக்கும் பங்குண்டு என்பது நமது கணிப்பு.

ஐரோப்பா சென்றார். 1936-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் படக்கருவியில் பிடித்தார். மன்னரைக் காண வந்த கூட்டத்தில் இவர் கருவியைத்தான் அதிகம் கவனித்திருப்பார்! மின்சாரத்தால் ஓடும் சவரக் கத்தி, மெல்லிய பிளேடு, பழம் பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, வாக்குப் பதிவுப் பொறி என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர் செய்தவை நீளும். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தார். இவற்றிலே எவையெவை நிலைத்தன, எவையெவை காட்சிப் பொருளாயின என்று கேட்டால் விடை கலப்பாகத்தான் வரும். பலவற்றைத் தொட்டார், சிலவற்றையே கடைசி வரை கொண்டு சென்றார். இது அவருடைய குறை. மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் தொழிலாளி அல்ல, முதலாளி. 280 பஸ்களை ஓட வைத்தது அவருடைய ஒரு மூளை மட்டுமல்ல. இரவெல்லாம் வண்டிக்கு அடியிலே படுத்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட, விடியும் முன் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்த பிட்டர்கள் இருந்தார்கள். வார்ப்படத் தொழிலாளர்கள் இருந்தார்கள். துருத்தி ஊதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை நாடு அறியாது. நாயுடுவின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பெயரற்றவர்களையும் சேர்த்தே நாம் சொல்கிறோம்.

1944-இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். அடுத்த ஆண்டு அவர் செய்ததுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவருடைய நன்கொடையால் கோவையிலே ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! வேறு எந்த ஊரிலே கண்டிருக்கிறோம்?

ஆனால் நாற்காலியில் அவர் நெடுநாள் இல்லை. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டில் ஒரு பொறியாளரை உருவாக்கிவிடலாம் என்பது அவர் வாதம். வெள்ளைக்கார அரசு ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

பிடிவாதக்காரர் என்று அன்று பேசினார்கள். நாம் அந்தப் பிடிவாதத்தின் உள்ளே இருந்ததைப் பார்க்கச் சொல்கிறோம். நான்கு ஆண்டு என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு நான்கு ஆண்டு; கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது நான்கு ஆண்டுக் கூலி. நான்கு ஆண்டும் சோறு போட்டுப் படிக்க வைக்க எத்தனை குடும்பத்தால் இயன்றது? கணிதமும் கோட்பாடும் கற்கக் காலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பாலம் கட்டுபவன் இரண்டே ஆண்டு படித்திருக்கிறான் என்றால் நாமும் பாலத்தில் ஏறத் தயங்குவோம். நாயுடு அளவை மீறிப் பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும், லேத்தைத் தொடாமலே பட்டம் வாங்கி வருகிறவர் மேலே, லேத்தோடு வளர்ந்தவர் கீழே என்ற ஏணியை அவர் உதைத்தாரே, அந்த உதை நியாயமானது. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டருக்கும் டர்னருக்கும் இரண்டு ஆண்டுப் பயிற்சிதான். அங்கே படித்து வரும் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. திண்டிவனத்துக் கொட்டகையிலே நாம் கண்ட இளைஞருக்கு அதுவும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவர். மூன்று ஆண்டாக நீலம் தடவிச் சீவுகிறார். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரல் நுனியால் சொல்கிறார். சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் வாயிலிலே காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இத்தகைய பெரியவர்களைப் பயிற்சி நிலையங்களுக்கு வாரம் ஒருநாள் அழைத்துவந்து கற்பிக்கச் செய்தால் என்ன? இத்தகைய இளைஞர்களைக் கைவேலையிலே சோதித்துச் சான்று கொடுத்தால் என்ன? செலவு பெரிதா? மனம்தான் பெரிதாக வேண்டும்.

நாயுடுவின் கதைக்குத் திரும்புவோம். 1952-இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! அதைப் பெருமளவில் செய்ய உரிமம் வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் கொடுக்கும் கை டில்லியில் இருந்தது. கொடுக்க மறுத்தார்கள். கார் நின்றது. அந்தக் கார் சாலையில் வென்றிருக்குமா தோற்றிருக்குமா என்று நாம் ஆரூடம் சொல்லத் துணியவில்லை. வென்றோ தோற்றோ போகிற வாய்ப்பைக் கூடக் கொடுக்காததுதான் நமது வருத்தம். அப்போது அவருக்கு வயது 59. அரசோடு, குறிப்பாக வரி விதிப்போரோடு, அவருக்கு இருந்த மனக்கசப்பு இறுதிவரை மறையவில்லை. பெரியாருக்கு நண்பர் அவர். வளைந்து கொடுக்காமையில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு.

1974 சனவரி 4-இல் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. 2025 அக்டோபரில் அவிநாசிச் சாலையிலே 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஒன்று அவர் பெயரால் திறக்கப்பட்டது.

விழுப்புரத்துக்கும் இந்தக் கதையிலே ஓர் இடம் உண்டு. 1970களில் பேருந்துகள் அரசுடைமையானபோது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த கழகத்துக்குத் தந்தை பெரியார் பெயரையே சூட்டினார்கள். 1997-இல் தலைவர்கள் பெயர்களையெல்லாம் எடுத்தபோது அந்தப் பெயரும் போயிற்று, பணிமனைகள் இருக்கின்றன. தேய்ந்த எஞ்சினை இறக்கி, பிரித்து, குடைந்து, புதுப்பித்து மறுபடி ஏற்றும் தொழிலாளர்கள் அங்கே இருக்கின்றனர். திருவண்ணாமலைக்கும் கடலூருக்கும் புதுவைக்கும் விடியற்காலையில் புறப்படும் வண்டியில் ஏறுகிறவர், முந்தைய இரவு அதன் அடியில் படுத்திருந்தவரை நினைப்பதில்லை.

புதியதை வாங்கிப் போடுவதே நாகரிகம், பழுது பார்ப்பது பஞ்சைத்தனம் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது. உடைந்தால் பிரிக்கவே முடியாதபடி மூடிச் செய்கிறார்கள் பல பொருள்களை. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒட்டுப்போட்டு ஓட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உயிரோடு விளையாடக் கூடாது, அங்கே புதியதுதான் வேண்டும். திண்டிவனம் பெரியவரும் அத்தகைய வேலைகளைத் தொடுவதில்லை, வந்தவரைத் திட்டி அனுப்பிவிடுகிறார். ஆனால் ஒரு பித்தளைக் கூட்டில் கையளவு உலோகம் ஊற்றினால் ஓடக்கூடிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடச் சொல்வது யாருடைய நன்மைக்கு? அந்த உழவரின் நன்மைக்கு அல்ல. மூன்று லேத்துகள் இருக்கும் அந்தக் கொட்டகையிலே ஒன்றுதான் இப்போது நாள்தோறும் சுழல்கிறது. மற்ற இரண்டின்மேல் சாக்கு போர்த்தியிருந்தது.

நமது புஷ் ஐந்து மணிக்குத் தயாராயிற்று. பெரியவர் தண்டைச் செருகிச் சுழற்றிக் காட்டினார், ஆட்டமில்லை. அவர் கேட்ட கூலியைக் கேட்டு ஓட்டுநர் தோழர் வெட்கப்பட்டு, கூடக் கொடுக்கப் பார்த்தார். வாங்க மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்து திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இளைஞர் அப்போதும் குனிந்தபடியே இருந்தார். நீலம் தடவினார், திருப்பினார், எடுத்தார், வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். இன்னும் மூன்று இடத்தில் மேடு இருக்கிறதாம். உழவர் வாசற்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். இருட்டுவதற்குள் எஞ்சினை ஏற்றிவிடலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நாம் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால்.